ஆமாம் போட ஆளில்லாத கதை

என் ஆசை மச்சான் கன்னியப்பனுக்கு,

ஒரு வெட்கக்கேட்டைச் சொல்லித்தான் ஆரம்பிக்க வேண்டியிருக்கிறது. படப்பை வீட்டில் உன்னைக் கிடத்தியிருந்த அன்று நான் வாய்விட்டு அழுதேன். கூட்டம் சிரித்துவிட்டது.

குபீரென்று சிரித்தார்கள். பிறகு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு தலையைக் குனிந்துகொண்டார்கள். உன் தெருக் கடைசி வீட்டுக்காரர் மட்டும் அடக்க முடியாமல் எழுந்து வெளியே போனார். அவர்களைக் குறை சொல்லி என்ன செய்ய? இத்தனை வருஷமாக அதே 'ஐயய்யோ'வை மைக்கில் போட்டு அவர்களைச் சிரிக்க வைத்தவன் நான்தானே. நிஜமாக அழும்போது வேறொரு அழுகைக்கு நான் எங்கே போவேன்? என்னிடம் இருப்பது ஒன்றே ஒன்று.

உனக்குத் தெரிந்ததுதான், ஆனால் இதைப் படிக்கிற மற்றவர்களுக்குத் தெரியாதே. நீ கதை சொல்வாய். நான் பக்கத்தில் உட்கார்ந்து 'ஆமாம்' போடுவேன். 'அப்புறம்?' என்பேன். ராஜா காட்டுக்குப் போனார் என்று நீ சொன்னால், 'செருப்பு போட்டுக்கினாரா?' என்று கேட்பேன். தாமோதரன் மத்தளத்தில் ஒரு தட்டு தட்டுவான். நீ என்னை முறைப்பாய். ஜனங்கள் சிரிக்கிற அந்த நேரத்தில் நீ ஒரு வாய் சோடா குடித்துக்கொள்வாய். மற்றபடி நீ பல்லாவரம், பம்மல் ரூட்டில் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவன். நான் தாம்பரம் மார்க்கெட்டில் தேங்காய் உரிக்கிறவன். கோயிலிலோ கருமாதி வீட்டிலோ கூப்பிட்டால் மட்டும் நாம் கதைக்காரர்கள்.

கருமாதி வீட்டில் சொல்வது மோட்சக் கதை. பெற்றவள் ஆற்றில் விட்ட பிள்ளை, வளர்ந்து பெரிய வள்ளலாகி, போர்க்களத்தில் அம்பு பட்டுக் கிடக்கிறான். கிழவன் ஒருவன் வந்து, 'நீ செய்த புண்ணியத்தையெல்லாம் எனக்குக் கொடு' என்கிறான். கொடுத்துவிடுகிறான். உயிர் போகிறது. அதற்கப்புறம்தான் பெற்றவள் ஓடிவந்து மடியில் போட்டுக்கொண்டு 'மகனே' என்கிறாள். அதைச் சொல்லி முடித்தால்தான் போனவருக்கு வழி திறக்கும் என்பது நம் பக்கத்து நம்பிக்கை. எத்தனை பேருக்கு வழி திறந்துவிட்டவன் நீ! உனக்கு யார் திறப்பது?

வேறு கதைக்கார செட்டைக் கூப்பிடலாம் என்றுதான் நான் சொன்னேன். என் வீட்டுக்காரி, உன் தங்கை கஸ்தூரி, விட்டால்தானே.

"எங்கண்ணனுக்கு எவனோ வந்து கதை சொல்லுவானா? நீ சொல்லுய்யா."

"நான் வாயத் தொறந்தா சிரிக்கிறாங்க கஸ்தூரி. அன்னிக்கே பாத்தல்ல?"

"சிரிச்சா சிரிக்கட்டும். வழி தொறந்தா போதும்."

"தொறக்கலன்னா?"

"அப்பால கீது உனக்கு."

அவள் திட்டியது எனக்கு நிம்மதியாகக்கூட இருந்தது. ஏனென்றால் நீ போனதிலிருந்து அவள் ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை மச்சான். சமைத்தாள், துவைத்தாள், வந்தவர்களுக்குக் காபி கலந்தாள். உன்னை ஆஸ்பத்திரியில் சேர்த்த அன்று, வெறும் வாயுதான், பதறாமல் வா என்று உன் வீட்டிலிருந்து அவளுக்குப் போன் செய்திருந்தார்கள். பம்மலில் ஷேர் ஆட்டோ பிடித்து, பல்லாவரம் சிக்னலில் மாட்டிக்கொண்டாள். உன் ரூட்டிலேயே மாட்டிக்கொண்டாள், பார். தாம்பரம் ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்ந்தபோது உன் முகத்தை மூடிவிட்டிருந்தார்கள். அவள் துணியை விலக்கிப் பார்த்தாள், மறுபடி மூடினாள், 'யார் யாருக்குச் சொல்லணும்?' என்று கேட்டாள். அவ்வளவுதான். உனக்கு வழி திறக்குமோ என்னவோ, இவளுக்கு எப்போது திறக்கும் என்பதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

கருமாதியன்று, ராத்திரியில் மைக் போட விடமாட்டார்கள் என்பதால், பந்திக்கு முன்னாலேயே கதை வைத்தார்கள். ஷாமியானாவுக்குள் வெயில் கொதித்தது. உன் இடத்தில் நான் உட்கார்ந்தேன். என் இடத்தில் பாய் மட்டும் கிடந்தது.

கதை எனக்குத் தெரியாதா? சொல்லுக்குச் சொல் தெரியும். "ஆத்துல ஒரு பொட்டி மெதந்து வருது" என்று ஆரம்பித்தேன். சொல்லிவிட்டு, பழக்க தோஷம், நானே "ஆமாம்" என்றேன். கூட்டம் சிரித்தது. "பொட்டிக்குள்ள ஒரு பச்சப் புள்ள." "ஆமாம்." தாமோதரன் பதறிப்போய் மத்தளத்தில் தட்டினான். அது என் காமெடிக்குத் தட்டுகிற தட்டு.

நாக்கைக் கடித்துக்கொண்டு ஆமாம் போடாமல் சொல்லிப் பார்த்தேன். கதை நகரவில்லை, கியர் விழாத வண்டி மாதிரி உறுமிக்கொண்டு நின்றது. போட்டால் சிரிக்கிறார்கள், போடாவிட்டால் எனக்கு அடுத்த வரி வரவில்லை. வள்ளல் அம்பு பட்டு விழுந்தபோது பின்னாலிருந்து ஒருவன் "சூப்பர்ணா!" என்று கத்தினான். அந்த நிமிஷம் எனக்கு உன்மேல்தான் கோபம் வந்தது. போகிறவன், பாதியையாவது எனக்குச் சொல்லப் பழக்கிவிட்டுப் போயிருக்கக் கூடாதா?

அப்போது பெண்கள் பக்கத்திலிருந்து கஸ்தூரி எழுந்து வந்தாள். மைக்கைப் பிடுங்கப் போகிறாள் என்று நினைத்தேன். என் பாயில், என் இடத்தில் உட்கார்ந்தாள். "சொல்லு" என்றாள்.

"கெழவன் கேட்டான். வள்ளல் குடுத்தான்."

"ஏன் குடுத்தான்?"

இது நம் கதையில் இல்லாத கேள்வி. "வள்ளல்மா. கேட்டா குடுப்பான்."

"சாவக் கெடக்கிறவன் கையில கீறதக் கூடவா கேப்பாங்க? இல்லேன்னு சொல்ல வேண்டியதுதான?"

"அவனுக்கு இல்லேன்னு சொல்லத் தெரியாது."

"எங்கண்ணனுக்கும்தான் தெரியாது" என்றாள். யாரோ சிரிக்க ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார்கள். "அப்புறம்?"

"உசுரு போச்சு."

"அப்புறம்?"

"பெத்தவ ஓடிவந்தா."

"எப்ப வந்தா?"

மச்சான், மைக்கைக் கீழே இறக்கிவிட்டேன். "போனப்புறம்" என்றேன்.

 பிறகு கதையை அவளே எடுத்துக்கொண்டாள்.

"அவகிட்ட வாயுன்னு சொன்னாங்க. அவளும் நம்பிட்டா. நல்ல பொடவையா பாத்துக் கட்டிக்கினு கெளம்புனா."

"ஆமாம்" என்றேன்.

"பல்லாவரம் சிக்னல்ல வண்டி நின்னுகினே கீது. எறங்கி ஓடிடலாமான்னு நெனச்சா. ஓடல. வாயுதானன்னு உக்காந்துகினு இருந்தா."

"ஆமாம்."

"அண்ணனுக்கு கொய்யாப்பழம்னா உசுருன்னு வாங்கினு வேற போனா."

"ஆமாம்."

"அவ போறதுக்குள்ள மூஞ்சிய மூடிட்டாங்க. அந்தக் கொய்யாப்பழத்த இன்னா பண்றதுன்னு தெரியாம கையிலயே வெச்சிக்கினு நின்னா."

பெற்றவள் எப்போது தங்கையானாள், யுத்த பூமியில் பல்லாவரம் சிக்னல் எப்படி வந்தது என்று ஒருவரும் கேட்கவில்லை. தாமோதரன் மத்தளத்தின் மேல் கையை வைத்துக்கொண்டு சும்மா இருந்தான். கஸ்தூரி மார்பில் அடித்துக்கொண்டு "அண்ணா" என்று கத்தினாள். மோட்சக் கதையில் எந்த இடத்தில் பெண்கள் சேர்ந்து அழுவார்களோ, அந்த இடத்தில் எல்லோரும் சேர்ந்து அழுதார்கள். நான் அழவில்லை. ஆமாம் போடுகிறவன் அழுதால் கதை நின்றுவிடும்.

வழி திறந்ததா மச்சான்? எங்களால் ஆனதைச் செய்தோம். நீதான் சொல்ல வேண்டும்.

அதற்கப்புறம் எங்களைக் கூப்பிட ஆரம்பித்துவிட்டார்கள். கஸ்தூரி கதை, நான் ஆமாம். ஆனால் அலுத்துப்போகிறது மச்சான். பகல் முழுக்கத் தேங்காய், அப்புறம் கதை, வீட்டுக்குத் திரும்பும்போது பஸ்ஸில் நின்றுகொண்டே தூங்குகிறேன். நீயாவது சோடாவுக்கு நிறுத்துவாய். இவள் மூச்சுவிடக்கூட நிறுத்துவதில்லை. ஒரு நாள் கதையின் நடுவே உட்கார்ந்தபடியே கண்ணசந்துவிட்டேன். தொடையில் கிள்ளினாள். நான் துள்ளியதைப் பார்த்து, அதுவும் கதையில் உண்டு என்று கைதட்டினார்கள். நீ முறைத்தால் அதில் பாதி சிரிப்பு இருக்கும். இவள் முறைப்பது சுத்தமான முறைப்பு. சில நாள், இதெல்லாம் போதும் என்று படுத்துவிடலாம் போலிருக்கிறது. ஆனால் கதை இருக்கிற நாளில்தான் அவள் உன் பேரைச் சொல்கிறாள். எப்படிப் படுப்பது?

போன வாரம் கீழ்க்கட்டளையில் ஒரு அபார்ட்மெண்டிலிருந்து செக்ரட்டரி சார் போன் செய்தார். "கிட்ஸுக்கு ஒரு ஸ்டோரி டெல்லிங் சார். ஒரே ரிக்வெஸ்ட், கதைல யாரும் சாகக் கூடாது. பேரண்ட்ஸ் கம்ப்ளெயிண்ட் பண்ணுவாங்க."

"சாவே இல்லன்னா எங்களுக்கு இன்னா சார் வேல?" என்றேன்.

கஸ்தூரி போனைப் பிடுங்கினாள். "வர்றோம் சார். ஒருத்தரும் சாவ மாட்டாங்க. நான் பாத்துக்கறேன்."

நீ கவலைப்படாதே. உனக்கு ஒரு வாக்குத் தருகிறேன். அவள் சொல்கிற வரைக்கும் நான் பக்கத்தில் இருந்து ஆமாம் போடுவேன். அவள் ஏன் என்று கேட்டால் தெரிந்ததைச் சொல்வேன். தெரியாததற்கும் ஆமாம் போடுவேன்.

நேற்றுதான் அந்த அபார்ட்மெண்டுக்குப் போனோம். உன் போட்டோவைப் பக்கத்தில் வைக்காமல் அவள் வாயைத் திறப்பதில்லை என்பதால் உன்னையும் கொண்டுபோய் நாற்காலியில் வைத்தோம். கதையில் யாரும் சாகவில்லை. முடிந்ததும் செக்ரட்டரி சார் உன்னைத்தான் முக்கியமானவர் என்று நினைத்து உனக்குப் பொன்னாடை போர்த்தினார். பொன்னாடை கனம். நீ நாற்காலியிலிருந்து விழுந்துவிட்டாய். கண்ணாடி மட்டும் உடைந்தது. உனக்கு அடி ஒன்றும் இல்லை.

உன் தங்கை புருஷன்,
மாப்பிள்ளை ஏழுமலை