லண்டன் இரும்பும் நனைந்ததா?

லண்டன், 9 மார்ச் 1934

அன்புள்ள நைனாவுக்கு,

தனகோடி வணங்கி எழுதுவது. நான் சௌக்கியம். உங்கள் முழங்கால் வலியும் அம்மாவின் இருமலும் எப்படி இருக்கின்றன?

ஆம்பூர் தோல் ஷாப்பில் நீங்கள் நிறுத்துத் தகரப் பெட்டியில் அடைத்த இருநூறு ராத்தல் கட்டு, இங்கே பத்து அவுன்ஸ் ஜாஸ்தி காட்டியது. தோலை நனைத்து ஏமாற்றிவிட்டோம் என்றான் கிடங்குக்காரன். அங்கே நிறுத்த அதே ஸ்பிரிங் தராசை, தகராறு வரக்கூடாதென்று என்னிடம் கொடுத்தனுப்பினீர்களே, அதுதான் காலை வாரியது!

வேலூரில் படித்த பாடம் ஞாபகம் வந்தது. பூமியின் இழுப்பு லண்டனில் சற்று ஜாஸ்தி. தோல் கூடவில்லை, அதை இழுக்கும் இழுப்புதான் கூடியிருக்கிறது. கட்டை அவர்களுடைய தட்டுத் தராசில் வைக்கச் சொன்னேன். இரண்டு தட்டுக்கும் ஒரே இழுப்பு என்பதால் கச்சிதமாக இருநூறு ராத்தல் நின்றது. பிறகு அந்த லண்டன் இரும்பு எடைக்கற்களையே நம் ஸ்பிரிங்கில் தொங்கவிட்டேன். அவையும் பத்து அவுன்ஸ் ஜாஸ்தி!

“உங்க இரும்பையும் எங்க நைனாதான் தண்ணியில முக்குனாரா?” என்று இங்கிலீஷில் கேட்டேன். தொப்பியைக் கழற்றி மன்னிப்புக் கேட்டான்.

நார்த்தங்காய் ஊறுகாய் கொஞ்சம் அனுப்புங்கள். தங்கை கமலத்தைத் தெருச் சண்டைகூட விடாமல் எழுதச் சொல்லுங்கள்.

தபாலுக்கு நேரமாகிவிட்டது. புறப்பட்ட அன்று என்னையும் அந்தத் தராசில் தொங்கவிட்டு நூற்றிருபது ராத்தல் என்றீர்களே, நேற்று மறுபடி தொங்கிப் பார்த்தேன். ஆறு அவுன்ஸ் ஜாஸ்தி. பிள்ளை தேறிவிட்டான் என்று அம்மாவிடம் சொல்லுங்கள். காரணத்தை மட்டும் சொல்லிவிடாதீர்கள்.

தனகோடி