மஞ்சுவிடம் சொல்லி வைத்தது

நவம்பர் 2, ஞாயிறு

காலையிலிருந்து தூறல். துணி காயவில்லை. எட்டாம் மாதம், கால் இரண்டும் வீக்கம். ஏரி முக்கால்வாசி நிறைந்துவிட்டதாம், இவர் பார்த்துவிட்டு வந்து சந்தோஷமாகச் சொன்னார். நான் எழுந்துபோய் ஜன்னலைச் சாத்தினேன்.

தர்ஷினி பிறந்த பத்தாம் நாள் அவளைத் தூக்கிக்கொண்டு அந்த ஏரிக்குத்தான் போனேன். நல்ல வெயில். தண்ணீரில் முக்கினால் குழந்தைக்கு ஒளி வரும் என்று காதில் யாரோ சொல்லிக்கொண்டே இருந்தார்கள். நூறு நாள் வேலைக்கு வந்த பெண்கள் பிடுங்கிக்கொண்டதால் உயிரோடு இருக்கிறாள். இப்போது பக்கத்தில் உட்கார்ந்து வாய்ப்பாடு கத்துகிறாள். சனியனே, மெதுவாடீ.

காஞ்சிபுரம் டாக்டரம்மா சொன்னது: பிள்ளை பெற்றதும் புத்தி பிசகுகிற அந்த வியாதி இந்தத் தடவையும் வரலாம். புத்தி தெளிவாக இருக்கும்போதே யாரிடமாவது சொல்லி வை.

யாரிடம்? இவர் லாரி. ஆந்திரா லோடு போனால் பத்து நாள் ஆளே இல்லை. அம்மா போய்ச் சேர்ந்தாச்சு. மாமியார் போன தடவை பூசாரியைக் கூட்டி வந்து என்னை வேப்பிலையால் அடிக்க வைத்தவள். மீதி மஞ்சுதான். கொழுந்தன் பெண்டாட்டி, பக்கத்து அறை.

நவம்பர் 9, ஞாயிறு

மழை. கேஸ் தீர்ந்தது. தூக்கத்தைப் பற்றி அத்தையிடம் பேச்செடுத்தேன். தூக்கம்தான் எனக்கு முதல் மருந்து என்று டாக்டரம்மா சொன்னதை அப்படியே சொன்னேன்.

"பகல்ல தூங்கறதா? புள்ள பெத்தவ பகல்ல கண்ண மூடினா ஒடம்பெல்லாம் நீர் கோத்துக்கும்டீ. நான் மூணு பெத்தேன், இன்னா ஆச்சு எனக்கு?"

போன தடவையும் இதே பாட்டு. ராத்திரி பிள்ளை அழுகை, பகலில் அத்தை காவல். நாலு நாள் கண் மூடவில்லை. அப்புறம் தூக்கமே தேவைப்படவில்லை. விடியலில் எழுந்து அண்டா, குடமெல்லாம் புளி போட்டுத் தேய்த்தேன். தெருவே மெச்சியது. "பச்ச ஒடம்புக்காரி, இன்னா சுறுசுறுப்பா கீறா பாரு!" அத்தை முகத்தில் அத்தனை பெருமை. அதுதான் வியாதி என்று ஒருத்திக்கும் தெரியவில்லை. எனக்கும்தான்.

மஞ்சுவிடம் சொல்லிவிட்டேன்: நான் பாத்திரம் தேய்த்தால் பயப்படு.

நவம்பர் 16, ஞாயிறு

அத்தை கல்யாணத்துக்குப் பக்கத்து ஊர் பெருநகர் போனாள். எனக்கு வியாதி வந்தால் பிள்ளையை வாங்கிக்கொள்ள நானும் மஞ்சுவும் ஒத்திகை. தலையணையைத் துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு, வந்து வாங்கு என்றேன். வாங்கினாள். உடனே சிரித்துக்கொண்டே, "மஞ்சு கண்ணு, நான் நல்லாத்தானே கீறேன், அதுக்குப் பசிக்குது பாரு, குடு" என்றேன். குடுத்துவிட்டாள்! தலையில் அடித்துக்கொண்டேன்.

"நீ நல்லாப் பேசுனியேக்கா."

"நல்லாத்தாண்டீ பேசுவேன். அதான் பயமே."

மறுபடியும். அழுதேன், குடுக்கவில்லை. காலைப் பிடிக்கப் போனேன், வயிறு இடித்துக் குனிய முடியவில்லை. இரண்டு பேருக்கும் சிரிப்பு. அந்தச் சிரிப்பில் குடுத்துவிட்டாள்.

கடைசியில் ஒரே ஒரு பேச்சு சொல்லிக்கொடுத்தேன். நான் என்ன சொன்னாலும் இதையே சொல்ல வேண்டும்: "நீ சொன்னதுதாங்க்கா. அப்புறம் தரேன்." திரும்பத் திரும்பச் சொல்ல வைத்தேன்.

நவம்பர் 23, ஞாயிறு

ஏரி நிறைந்து கோடி போகிறது. வழிகிற தண்ணீரில் ஊரே மீன் பிடிக்கிறது. எனக்குப் பார்க்கப் பிடிக்கவில்லை.

பை கட்டியாச்சு. பிரசவத்துக்கு இல்லை, அப்புறம் வியாதி வந்தால் டாக்டரம்மா ஆஸ்பத்திரிக்குப் போக. பச்சை நைட்டி, பாவாடை இரண்டு, தே. எண்ணெய், சீப்பு, மாத்திரைச் சீட்டு, தர்ஷினி வரைந்த மயில் (வாத்து மாதிரி இருக்கிறது). பை மஞ்சுவின் கட்டிலடியில் இருக்கிறது. ஆட்டோக்காரர் ஆறுமுகம் அண்ணனிடமும் சொல்லியாச்சு. "எப்பக் கூப்ட்டாலும் வரேம்மா." ஏன் என்று கேட்கவில்லை. நல்ல மனுஷன்.

ஒன்று பாக்கி இருந்தது. மஞ்சுவுக்குக் கல்யாணமாகி நாலு வருஷம், பிள்ளை இல்லை.

"புள்ளைய நீ வாங்கினா நான் உன்ன ஒரு வார்த்த சொல்லுவேன். எந்த வார்த்தன்னு உனக்கே தெரியும்."

மாவு பிசைந்த கை நின்றது. "சொல்லாம இருக்கப் பாருக்கா."

"அப்ப என் வாய் என்கிட்ட இருக்காதுடீ. இப்பவே மன்னிச்சிடு."

"ஊர்ல மத்தவங்க சொல்லாததா" என்று மறுபடி பிசைந்தாள். சப்பாத்தியில் உப்பே இல்லை. எல்லோரும் ஊறுகாயைத் தொட்டுக்கொண்டு சாப்பிட்டோம்.

டிசம்பர் 5, வெள்ளி

பையன். சுகப்பிரசவம். வீட்டுக்கு வந்தாச்சு. இவர் பார்த்துவிட்டு லோடுக்குப் போய்விட்டார். மாத்திரை ஆரம்பம். மஞ்சு அத்தையிடம் மல்லுக்கட்டி என்னைப் பகலில் தூங்க வைத்தாள். "நீர் கோத்தா நான் வடிச்சிக்கிறேன், நீங்க போங்க அத்த." தூங்கினேன். சாமி, இப்படியே போகட்டும்.

டிசம்பர் 9, செவ்வாய்

நேற்றும் தூக்கமில்லை. பரவாயில்லை, அசதியே இல்லை. காது நன்றாகக் கேட்கிறது, அடுத்த தெருக் குழாய் சொட்டுவதுகூட. மாத்திரை கசப்பு.

"தூங்கினியாக்கா?" என்றாள் மஞ்சு. தூங்கினேன் என்றேன். பாவம், அவளை எதுக்குப் பயமுறுத்துவது.

டிசம்பர் 11, வியாழன்

மழை நின்றுவிட்டது! எனக்காக. மாத்திரை ஜன்னல் வழியே முருங்கை மரத்துக்கு. விடியலிலேயே அண்டா, குடம், சொம்பு எல்லாம் புளி போட்டுத் தேய்த்தாச்சு, தகதகவென்று இருக்கிறது. "பச்ச ஒடம்போட இன்னா சுறுசுறுப்பு!" அத்தைக்கு வாயெல்லாம் பல். மஞ்சு மட்டும் அண்டாவையே பார்த்துக்கொண்டு நின்றாள். பொறாமை.

வெயில் ஏரியில் இறங்கியிருக்கிறது, இன்று விட்டால் கிடைக்காது. பையனைத் துண்டில் சுற்றி வாசலைத் தாண்டுவதற்குள் மஞ்சு பிடுங்கிக்கொண்டாள். சிரித்துக் கேட்டேன். அழுதேன். காலையும் பிடித்தேன். "நீ சொன்னதுதாங்க்கா. அப்புறம் தரேன்." நான் எப்போது சொன்னேன்? புளுகுணி. தெருவைக் கூட்டி அந்த வார்த்தையைச் சொன்னேன். மலடி, மலடி, என் பிள்ளையைக் குடுடீ மலடி. அழுதாள், மூக்கு ஒழுக அழுதாள். குடுக்கவில்லை. "நீ சொன்னதுதாங்க்கா."

அத்தையே, "குடுத்துடேண்டீ, பெத்தவ கேக்கறா" என்றாள். அதையும் மஞ்சு காதில் வாங்கவில்லை. உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு யாருக்கோ போன் பண்ணினாள்.

ஆட்டோ வந்து நிற்கிறது. யாருக்கு ஆட்டோ? ஆறுமுகம் அண்ணன் என் முகத்தைப் பார்க்காமல் மஞ்சு கதவிடுக்கில் நீட்டிய ஒரு பையை வாங்கி வந்து காட்டுகிறார். பிரித்துப் பார்த்தேன். என் பச்சை நைட்டி, என் எண்ணெய், என் சீப்பு, தர்ஷினியின் வாத்து. நான் மடிக்கிற மாதிரியே மடித்து வைத்திருக்கிறாள், திருடி.