பதினாறாம் நம்பர் பனியன்

அன்புள்ள அப்பாவுக்கு வணக்கம். முழங்கால் வலி எப்படி இருக்கிறது? நான் நலம். ஒரு சுற்று இளைத்ததை மட்டும் அம்மாவிடம் சொல்ல வேண்டாம்.

நான் வேலை பார்க்கும் கால்பந்து அருங்காட்சியகத்தில், தேசிய அணி முதல்முறை கோப்பை வென்ற படத்தை நேற்று துடைத்தேன். கேப்டன் தூக்கிய கோப்பை, ஓரத்தில் நின்றவரின் முகத்தை மறைத்திருந்தது. தெரிந்தது பதினாறாம் நம்பரும் ஒரு காதும்தான். கீழே எல்லார் பெயரும் இருக்க, அவருக்கு மட்டும் ‘பெயர் தெரியவில்லை’. அந்தக் காதை எனக்குத் தெரியாதா? தினமும் கண்ணாடியில் பார்க்கிறேனே. அந்த இறுதிப் போட்டியில் கடைசி நான்கு நிமிடம் ஆடியதாக நீங்கள் சொன்னபோதெல்லாம் ‘பெஞ்சைத் தேய்த்தவர்’ என்று கிண்டல் செய்த வாயைக் கழுவிவிட்டேன்.

உடனே பேனாவால் உங்கள் பெயரை எழுதினேன். கை சும்மா இருக்குமா, ‘நாட்டின் தலைசிறந்த வீரர்’ என்றும் சேர்த்தது. காப்பாளர் பிடித்துவிட்டார்.

“யாருடா இது?”

“எங்கப்பா சார்.”

“மாசக் கடைசிக்குள்ள ஆதாரம் கொண்டா, பேரை அச்சடிச்சே ஒட்டறேன். இல்லேன்னா அழிச்சுடு. அந்தத் தலைசிறந்த வீரரை இப்பவே அழி.”

அதை அழித்துவிட்டேன். பெயர் இன்னும் இருக்கிறது.

அம்மா தையல் மெஷினுக்கு உறையாகப் போட்டிருக்கும் உங்கள் பதினாறாம் நம்பர் பனியன் வேண்டும். துவைக்க வேண்டாம், வீட்டு வாசனை இருக்கட்டும். தபாலை நம்ப முடியாது, நீங்களே எடுத்து வாருங்கள். காதையும் ஒத்துப்பார்க்க வேண்டும். இது காப்பாளர் சொன்னதல்ல, நான் சொல்வது. என் அறையில் இரண்டாவது கட்டில் நான் வந்த நாளிலிருந்து காலியாகத்தான் கிடக்கிறது.

அருங்காட்சியகக் கதவைத் திறக்கிறார்கள், ஓடுகிறேன்.

உங்கள் இன்னொரு காது