பில் இல்லாத குடம்

அண்ணா,

நேற்று என் தங்கை வாலாஜாபாத்திலிருந்து ஒரு பித்தளைக் குடத்தை ஆள் மூலம் கொடுத்தனுப்பியிருந்தாள். அவள் மருமகளுக்குப் பித்தளை தேய்க்க முடியவில்லையாம். பழைய பாத்திரக்காரனிடம் போடுவதற்குப் பதிலாக நீயே வைத்துக்கொள் என்று சொல்லிவிட்டாள். புளி போட்டுத் தேய்த்தேன். கறுப்பு போகப் போக, கழுத்துக்குக் கீழே உங்கள் கையெழுத்து தெரிந்தது. புள்ளி புள்ளியாக நீங்கள் உளியால் வெட்டிய தங்கை பெயர், பக்கத்தில் கல்யாணத் தேதி. அதற்குமேல் தேய்க்கக் கை வரவில்லை. குழாயடியிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

உங்கள் பாத்திரக் கடையில் இரண்டு பேர் நின்றால் மூன்றாமவர் தெருவில்தான் நிற்க வேண்டும். ஆனால் காஞ்சிபுரத்தில் பாத்திரத்துக்குப் பெயர் வெட்ட உங்களை விட்டால் ஆளில்லை. உங்களிடம் வாங்கிய பாத்திரத்துக்குப் பெயர் வெட்டத் தனிக் காசு கிடையாது. "பேரு வெட்டினாத்தாம்மா அது உங்க வூட்டுப் பாத்திரம். அதுவரைக்கும் வெறும் பித்தளை" என்பீர்கள்.

தங்கை கல்யாணம் நடந்த வருஷம்தான் விற்பனை வரிக்குப் பதிவு செய்யச் சொல்லி உங்களை அலையவிட்டார்கள். சான்றிதழ் வந்ததும் கண்ணாடி போட்டுச் சாமி படத்துக்குப் பக்கத்திலேயே மாட்டினீர்கள். வெள்ளிக்கிழமை அதற்கும் பொட்டு வைத்ததைப் பார்த்து எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "சிரிக்காதம்மா. சாமியாச்சும் மன்னிச்சுடும்" என்றீர்கள். வரி சேர்த்து விலை சொல்ல ஆரம்பித்ததும், வருஷக்கணக்காக உங்களிடம் வாங்கிய நெசவாளிக் குடும்பங்களே, "நேத்து வரைக்கும் இல்லாத வரி இன்னிக்கு எங்கேர்ந்து வந்துச்சு?" என்று கேட்டுவிட்டு எதிர்க்கடைக்குப் போனார்கள். அங்கே பதிவும் இல்லை, வரியும் இல்லை. "அது என் பாக்கெட்டுக்கா போவுது?" என்று ஒவ்வொருவரிடமும் சொல்லிச் சொல்லி ஓய்ந்துபோனீர்கள்.

அப்படிப் போகாமல் உங்களிடமே வந்தவள் நான். அதையே உங்களுக்குச் செய்த உபகாரமாக நினைத்தேன், பாருங்கள்! அப்பாவின் தறி வருமானத்தோடு என் வாத்தியார் சம்பளத்தையும் சேர்த்துத் தங்கைக்குச் சீர்ப் பாத்திரம் எடுத்தோம். குடம், அண்டா, தவலை எல்லாம் எடுத்து வைத்தபிறகு நீங்கள் பில் புத்தகத்தைத் திறந்தீர்கள்.

"பில் எதுக்குண்ணா? பில் போட்டா வரி. நமக்குள்ள என்ன பில்லு?"

"இல்லம்மா. இப்ப நம்பர் வாங்கிட்டேன். பில்லு போடாம குடுக்கக் கூடாது."

"அப்ப நானும் எதிர்க்கடைக்கே போயிடறேன்."

சிரித்துக்கொண்டுதான் சொன்னேன். விளையாட்டுக்குச் சொல்லவில்லை என்பது உங்களுக்கும் தெரியும். பில் புத்தகத்தை மூடினீர்கள். நான் வீட்டுக்குப் போய் அம்மாவிடம் என் சாமர்த்தியத்தைப் பீற்றிக்கொண்டேன்.

சாயங்காலத்துக்குள் பெயர் வெட்டி முடித்து, "இப்பவே எடுத்துக்கினு போயிடச் சொல்லு" என்று ஆள் அனுப்பினீர்கள். நாங்கள்தான் கேட்கவில்லை. சீர்ப் பாத்திரம் நல்ல நேரம் பார்த்துத்தான் வீட்டுக்குள் வரவேண்டும் என்று அம்மா பிடிவாதம் பிடித்தாள். மறுநாள் காலை நல்ல நேரத்தில் நான் கைவண்டியோடு வந்தபோது, உங்கள் கடைக்குள் வரி அதிகாரி நின்றிருந்தார். அவர் கையில் இதே குடம்.

"இன்னும் விக்கலீங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தீர்கள்.

"விக்காமலா பேர் வெட்டினே? ஒருத்தர் பேர் வெட்டின குடத்த வேற யாருய்யா வாங்குவா?"

அதிகாரி வாசலில் நின்ற கைவண்டியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"உங்களுதாம்மா இது?"

"ஆமா சார்."

"பில் எங்கே?"

என் வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. வரி ஏய்த்தவள் என்று பள்ளிக்கூடத்துக்கு ஒரு காகிதம் போனால்? சேதி பரவித் தங்கை கல்யாணம் நின்றுபோனால்? வாய் கூசாமல் சொன்னேன்: "கேட்டேன் சார். அவர்தான் தரலை."

நீங்கள் என்னை ஒரே ஒரு தடவை பார்த்தீர்கள். "இவங்கதான் வேணாம்னாங்க" என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. "ஆமாங்க. கேட்டாங்க, நான்தான் போடல" என்றீர்கள். அதிகாரி குடத்திலிருந்த பெயரைக் குறித்துக்கொண்டு அதைக் கீழே வைத்தார். நீங்கள் என் பக்கம் திரும்பி, "நேரம் போவுது பாரு. பாத்திரத்த ஏத்திக்கினு கிளம்பும்மா" என்றீர்கள். நான் ஏற்றிக்கொண்டு கிளம்பிவிட்டேன். கிளம்பிவிட்டேன், அண்ணா!

கேட்டும் பில் தராத கடை என்று ஆனபிறகு சும்மா விடுவார்களா? அலமாரியெல்லாம் குடைந்தார்கள். அபராதம் போட்டார்கள். அதைக் கட்டச் சரக்கை விற்றீர்கள். சரக்கு இல்லாத கடைக்கு யார் வருவார்கள்? கடைசியில் சான்றிதழைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, பெரிய பாத்திரக் கடையொன்றின் வாசலோரம் பெயர் வெட்டும் ஆளாக உட்கார்ந்தீர்கள். வாங்கினவளை அவர்கள் ஒன்றும் செய்திருக்க மாட்டார்கள் என்று வக்கீல் குமாஸ்தா ஒருவர் பின்னால் சொன்னார். அந்தப் பொய்யை நான் சொல்லியிருக்கவே வேண்டாம்.

நாலைந்து வருஷம் அந்தக் கடைத்தெரு பக்கமே போகாமல் சுற்றிக்கொண்டு போனேன். என் கல்யாணத்துக்கு ஒரு சொம்பு எடுக்கத்தான் வரவேண்டியதாயிற்று. சொம்பை உங்களிடம் நீட்டினேன். தலை நிமிராமலே கேட்டீர்கள்: "பில்லு வாங்கிட்டியாம்மா?"

குத்திக் காட்டினீர்களா, நிஜமாகவே அக்கறையா, இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. பில்லை எடுத்துக் காட்டினேன். "என்ன பேரு?" என்றீர்கள். என் பெயர் உங்களுக்குத் தெரியாதா? சொன்னேன். கூடச் சொல்லவேண்டியதை மென்று விழுங்கிவிட்டேன். நீங்கள் காலமான சேதி வந்த அன்றும் உங்கள் தெருமுனை வரைக்கும் வந்துவிட்டுத் திரும்பிவிட்டேன். அவ்வளவுதான் என் தைரியம்.

இப்போது கால் கிலோ சர்க்கரைக்குக்கூட பில் கேட்கிறேன். கறாரான பொம்பளை என்று கடைக்காரர்கள் முணுமுணுக்கிறார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும்.

இன்று காலை மனதைத் திடப்படுத்திக்கொண்டு குடத்தைத் தேய்த்து முடித்தேன். உங்கள் எழுத்து பளிச்சென்று இருக்கிறது. அதிகாரி அன்று எழுதிக்கொண்டு போன காகிதத்தில் நான் பில் கேட்டதாகத்தான் இருக்கும். நான் கேட்கவில்லை, அண்ணா. வேண்டாம் என்று சொன்னவளே நான்தான்.