புதுநன்மைக் கவுன்

புஷ்பத்தின் அப்பாவுக்குத் தோத்திரம்.

மாதா கோயில் உபதேசியார் சங்ககிரி லாரி ஆபீசுக்கு வந்து உங்களிடம் ஏதாவது சொல்லுமுன் நானே எழுதிவிடுகிறேன். ஞாயிற்றுக்கிழமை அவரோடு சண்டை போட்டது உண்மைதான். மன்னிப்புக் கேட்கமாட்டேன்.

பால் பவுடர் அனுப்பும் வெளிநாட்டுக்காரர்களுக்குப் போட்டோ அனுப்ப வேண்டும், பிள்ளைகளைக் கூட்டி வாருங்கள் என்று கோயிலில் சொன்னார்கள். போட்டோ என்றதும் புஷ்பத்துக்கு எண்ணெய் வைத்துத் தலைசீவி, பூசையில் முதன்முதலாக நற்கருணை, அதுதான் புதுநன்மை, வாங்கத் தைத்த வெள்ளைக் கவுனைப் போட்டுக் கூட்டிப்போனேன். உபதேசியார் பார்த்துவிட்டு, "இப்படி வந்தா ஏழைன்னு யாரும்மா நம்புவாங்க? கிழிஞ்சதப் போட்டுக் கூட்டிட்டு வா" என்றார்.

நான் வாய் திறப்பதற்குள் உங்கள் மகள், பால் பவுடர் வாங்கக் கொண்டுபோன பைக்குள்ளிருந்து தன் கிழிந்த கவுனை எடுத்தாள். எனக்குத் தெரியாமல் அவளே மடித்து வைத்திருக்கிறாள்.

"இப்படித்தான் சொல்லுவாங்கன்னு தெரியும்மா" என்றாள். எட்டு வயசு.

அதற்கப்புறம்தான் கத்தினேன். "எம் புள்ள நல்லா இருக்கோணும்னுதானுங்க நான் பாடுபடறேன். கிழிசலப் படம் புடிக்க வேற ஊடு பாருங்க!" என்று சொல்லிவிட்டு அவளை இழுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

பால் பவுடர் நின்றுவிட்டது. சின்னவன் கஞ்சித்தண்ணீருக்குப் பழகிக்கொண்டிருக்கிறான். அதைப் பற்றி மேற்கொண்டு எழுதவில்லை.

கிழிந்த கவுன் இப்போது அடுப்பிலிருந்து சட்டி இறக்கும் கரித்துணி. இனி உங்கள் மகள் பள்ளிக்கூடம் போவதும், விறகு பொறுக்கப் போவதும் அந்த வெள்ளைக் கவுனில்தான். பார்க்கிறவர்கள் பார்க்கட்டும்.

இப்படிக்கு,
அவளைப் பெற்றவள்