ஒரு ஆளுக்கு வெட்டாத பழம்

ஜூலை 7, ஞாயிறு

காலையிலேயே வெயில். ஒரு வார லீவின் முதல் நாள்.

செய்ய வேண்டியவை: முடி வெட்டு. சட்டை ஒன்று. தினம் ஒரு வேளை வெளியில் நல்ல சாப்பாடு. யாரையும் நினைக்காமல் இருப்பது.

லீவுப் பாரத்தில் ‘சொந்த வேலை’ என்று எழுதினேன். உண்மையான காரணம், வியாழக்கிழமை மதியம் ஆபீசில் செல்வராஜுவுக்குப் பிரிவுபசார விருந்து. ஜொகூருக்கு மாற்றல், குடும்பத்தோடு. சனிக்கிழமை வீட்டுச் சாமான் ஏற்ற லோரி. அந்த விருந்தில் நின்று நான் கைதட்டப் போவதில்லை.

மனைவி வசந்தி பள்ளிக்கூட வேலைக்குக் கிளம்பும்போது (இங்கே வார விடுமுறை வெள்ளி, சனி; ஞாயிறு வேலை நாள்): “லீவு எடுத்துப்போட்டு ஏன் இப்பிடி அந்தரப்படுறீங்கள்? பேசாமல் வீட்டில இருங்கோவன்.”

இருக்க முடியவில்லை. பாடாங் செராய் கடைத்தெருவில் ரொட்டி சானாய் இரண்டு, தே தாரேக், சீனி குறைவு. ரொட்டி மொறுமொறுப்பு, பருப்புக் கறி வெறும் தண்ணீர். பக்கத்து மேசைக்காரர் போனில், “வந்துட்டேன்லா, சிக்னல்ல நிக்கிறேன்” என்றபடியே இன்னொரு ரொட்டிக்குக் கை காட்டினார்.

ஜூலை 8, திங்கள்

முடி வெட்டியாயிற்று. கடைக்காரர் தலையை இருபுறமும் திருப்பிச் சொடுக்கு எடுத்தார். பத்து நிமிட சுகம், பிறகு பழையபடி. சட்டையும் வாங்கினேன். வெளிர் நீலம்.

மதியம் எங்கே? நான் நுழையாத இடங்கள்:

வாழையிலைக் கடை. முதலாளி, கோயில் கமிட்டியில் என் பெயரை அடித்த ஆளின் மச்சான்.
சீனர் கோப்பிக் கடை. ஆபீஸ் ஆட்கள் வருவார்கள்.
செண்டோல் வண்டி. செ., அதாவது செல்வராஜு, பழக்கிய இடம்.
லக்சா கடை. அதுவும்.
மீன் தலைக் கறி. அதுவும்.

கடைசியில் பெண்டாங் வரை ஓட்டினேன், ஒரு மணி நேரம். வயலோரத்தில் ஒரு மலாய்க்கார அம்மாவின் கடை. பொரித்த கெளுத்தி, சம்பால், பச்சை இலைகள். இந்த வருடம் சாப்பிட்டதிலேயே இதுதான் முதல் தரம். பாதியில் தலையைத் தூக்கி, “இதைக் கொஞ்சம் தின்னு பாரு” என்று சொல்ல வாய் திறந்தேன். எதிர் நாற்காலி காலி. மீதியை அவசரமாக விழுங்கிவிட்டு எழுந்தேன்.

ஜூலை 9, செவ்வாய்

முன்மதியம் மழை. விட்டதும் கரங்கான், டுரியான் பழக் கடை. கடைக்காரர் முனியாண்டி அடையாளம் கண்டுகொண்டார்.

“என்ன சார், மூனு சீசனா ஆளையே காணோம்? செல்வா சார் எங்க?”

“வரலை.”

“சரி, எத்தன பேரு?”

“ஒரு ஆள்தான்.”

“ஒரு ஆளுக்கு எந்தப் பழத்த வெட்டறது? சின்னதா ஒன்னு இருக்கு, ஆனா சுமாருதான். இப்பவே சொல்லிட்டேன், அப்புறம் என்னைய ஏசக்கூடாது.”

சின்னதையே வெட்டச் சொன்னேன். மீந்தால் காரில் ஏற்ற முடியாது. அந்த வாடைக்கு வசந்தி மூன்று நாள் காரில் ஏறமாட்டாள்.

சுமார்தான்.

தின்று முடித்தபின் பழ ஓட்டின் குழியில் தண்ணீர் ஊற்றி, உப்பு ஒரு சிட்டிகை போட்டுக் குடிக்க வேண்டும், சூடு தணிய. முதலில் கை கழுவுகிறவன் மற்றவனுக்கு ஊற்றுவான். இருபது வருடமாக செ.தான் முதலில் கழுவுவான். இன்று கையெல்லாம் பழம், போத்தலோ மூடியபடி. பல்லால் திருகினேன். புதுச் சட்டை முழுக்கத் தண்ணீர்.

முனியாண்டி துணி கொடுத்தார். “போன வாரம் செல்வா சாரும் வந்தாரு. ஒத்த ஆளாத்தான். செத்த நேரம் நின்னு பாத்துட்டு, ஒன்னும் திங்காம போயிட்டாரு.”

ஜூலை 10, புதன்

எங்கும் போகவில்லை. காரைக் கழுவினேன். ஏற்கெனவே சுத்தமாகத்தான் இருந்தது.

எழுதிவிடுகிறேன். மூன்று சீசனுக்கு முன் அதே கடையில் எதிரெதிரே உட்கார்ந்து தின்றோம். மறுநாள் காலை ஆபீசில் தெரிந்தது: பிரிவுத் தலைவர் பதவிக்கு செ. விண்ணப்பம் போட்டிருக்கிறான். போட்டுவிட்டுத்தான் மாலையில் வந்து என்னோடு சுளை பங்கிட்டிருக்கிறான். ஒரு வார்த்தை இல்லை. பதவியும் அவனுக்கே. அன்றிலிருந்து ஃபைல் விஷயம் தவிர வேறு பேச்சில்லை.

அவன் அப்பா ரப்பர் பால் வெட்டிய எஸ்டேட்டில் என் அப்பப்பா கிராணி, கணக்கெழுதியவர். இதைச் சொல்லக் கூடாது. யாரிடமும் சொன்னதில்லை. நினைத்திருக்கிறேன், பலமுறை.

நானும் விண்ணப்பம் போட்டிருந்தேன், அவனுக்கு ஒரு நாள் முன்னாலேயே. நானும் சொல்லவில்லை. ஆனால் நான் சொல்லாததற்குக் காரணம் வேறு.

என்ன காரணம் என்று அரைமணி நேரமாக யோசிக்கிறேன்.

ஜூலை 11, வியாழன்

புழுக்கம். விருந்து இரண்டு மணிக்கு. ஒன்றரைக்கே காரை எடுத்தேன். குலிமில் ஏதாவது குளிர்ச்சியாகக் குடிக்கலாம் என்றுதான் கிளம்பியது. கரங்கானில் போய் நின்றேன்.

“எத்தன பேரு சார்?”

“ரெண்டு.”

முனியாண்டி எனக்குப் பின்னால் பார்த்தார். யாருமில்லை. குவியலின் அடியிலிருந்து பெரிய பழம் ஒன்றை இழுத்து, முகர்ந்து, பிளந்தார். கெட்டி மஞ்சள். அறைக்கு மூன்று சுளை.

படம் எடுத்து செ.க்கு அனுப்பினேன். எழுத்து எதுவுமில்லை. அழித்துவிடலாமா என்று நினைப்பதற்குள் இரண்டு கோடும் நீலமாகிவிட்டன, பார்த்துவிட்டான்.

பதில் இல்லை. ஒரு மணி நேரம். எழுந்து ரோடு வரை நடந்தேன், திரும்பினேன், மறுபடி நடந்தேன். முனியாண்டி பழத்தைப் பேப்பரால் மூடினார். “ஈ மொய்க்குது சார். நீங்களாச்சும் ஆரம்பிங்க.”

நான்கு மணிக்கு அவன் கார். பாத்தேக் சட்டை, காலரில் மாலையிலிருந்து உதிர்ந்த இதழ் ஒன்று, கையில் விருந்துப் பிரியாணிப் பொட்டலம்.

“இவ்ளோ பெரிசா எதுக்குடா வெட்டச் சொன்ன?”

“வெட்டியாச்சு. உக்காரு.”

தின்றோம். “லேசாக் கசக்குது. அதான் ருசி,” என்றான். கடைசிச் சுளையை என் பக்கம் தள்ளிவிட்டு, எழுந்து முதலில் கை கழுவினான். ஓட்டை என் முன்னால் வைத்து, தண்ணீர் ஊற்றி, உப்புப் போட்டான்.

“செல்வா, அந்தப் பதவிக்கு நானும்...”

“தெரியும்டா. என் ஃபாரத்த வெக்கப் போனப்ப உன்னோடது அந்த டிரேலதான் கெடந்துச்சு. குடி.”

குடித்தேன்.

ஜூலை 13, சனி

மூட்டம். கை இன்னும் மணக்கிறது. வசந்தி காரை முகர்ந்துவிட்டு, “பழமே?” என்றாள். பிரியாணி என்றேன். நம்பவில்லை.

அப்படியானால் மூன்று சீசனுக்கு முன் அன்று என் எதிரே உட்கார்ந்தபோதே அவனுக்குத் தெரியும். தெரிந்துதான் தண்ணீர் ஊற்றினான். அதன்பின் மூன்று வருடம் வாய் திறக்கவில்லை. இதற்காகவும் அவன்மேல் கோபம் வருகிறது.

எட்டு மணிக்கு லோரி என்றான். அவன் வீட்டுக்குப் போகவில்லை. ரொட்டிக் கடையில் ரோட்டைப் பார்த்த மேசையாகப் பிடித்தேன். இரண்டு ரொட்டி சொல்லி, ஒன்றைத் தொடவில்லை. ஒன்பது பத்துக்கு லோரி போயிற்று, பின்னாலேயே அவன் கார். ஒரு ஹாரன். என்னைப் பார்த்துத்தானா, முன்னால் போன மோட்டார் சைக்கிளுக்கா, தெரியவில்லை. எழுந்து நின்றுவிட்டேன்.

ஜொகூரில் பழம் எப்போது விழும் என்று கேட்க மறந்துவிட்டேன்.