பேத்தியின் திரையும் என் வாயும்

பிரியமுள்ள சம்பந்தியம்மா,

நீங்கள் கண்ணை மூடி ஒன்பது மாதம் ஆகிறது. நம் கீர்த்தனாவுக்கு இப்போது ஏழாவது மாதம். கேட்டிருந்தால் எப்படிக் குதித்திருப்பீர்கள்! என் மகன் பெற்றது என்று நீங்களும், என் மகள் பெற்றது என்று நானும் போட்டி போட்டு வளர்த்த பிள்ளை. திருவள்ளூரில் என் வீட்டில்தான் இருக்கிறாள். பஸ்ஸில் குலுங்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

வேலையோ கும்மிடிப்பூண்டியில், ஒரு கம்பெனி ஸ்டோரில். சரக்கு விவரமெல்லாம் அங்கே ஒரு பழைய கம்ப்யூட்டரில் இருக்கிறது. வீட்டிலிருந்தே லேப்டாப்பில் அதைப் பிடித்து வேலை செய்கிறேன் என்று கேட்டாள். வெள்ளிக்கிழமைக்குள் செய்து காட்டு, இல்லையென்றால் வேறு ஆள் போடுகிறோம் என்றார் ஆபீசர். பிள்ளைத்தாய்ச்சி என்று தெரிந்தால் கான்ட்ராக்டை நீட்ட மாட்டார்கள் என்று பயந்து, கால் சுளுக்கு என்று சொல்லி வைத்திருந்தாள்.

மூன்று நாள் அவள் பட்ட பாடு! தொடர்பு கிடைக்கிறது, திரைதான் கோணல். கோடு போட்ட கட்டம் வரவேண்டிய இடத்தில் இங்கிலீஷ் எழுத்து க்யூவும் எக்ஸும் வரிசை கட்டி நிற்கிறது. ஒரு வரிமேல் இன்னொரு வரி ஏறிக்கொள்கிறது. அம்புக்குறியைத் தட்டினால் குப்பை எழுத்து விழுகிறது. அஞ்சாவது படித்த எனக்கே அது தப்பென்று தெரிகிறது.

"இங்க எல்லாம் கரெக்டா கீதும்மா, உன் சைடுலதான் பிராப்ளம்" என்று ஆபீசர் போனில் ஒரே பாட்டு.

"இன்னாடி இது பேஜாரு?" என்றேன்.

"எதிர்ல பழைய ஸ்கிரீன் கீதுன்னு நெனச்சிக்கினு பேசுது ஆயா அந்தக் கம்ப்யூட்டரு. என் லேப்டாப்பு அந்த ஸ்கிரீன் மாதிரியே நடிக்கணும். அந்த ஸ்கிரீனோட மாடல் பேரைப் பார்த்துச் சொல்லுங்கன்னா, அந்தாளு சீட்ட விட்டு எழுந்திரிக்க மாட்டேன்றான்."

மறுபடி ஆபீசர் போன், ஸ்பீக்கரில். "ஒரு செட்டிங் தெரியல. சுளுக்குக்கு இவ்ளோ சீனா?" என்றார்.

எனக்குப் பொறுக்கவில்லை. போனைப் பிடுங்கினேன். "சுளுக்கு இல்ல சார், ஏழு மாசம்! வயித்துல புள்ளைய வெச்சிக்கினு அவ வேலை செய்றா. எழுந்து போய் ஒரு பேரைப் பார்த்துச் சொல்ல உனக்கு இன்னா?"

போன் கட்டாகிவிட்டது.

கீர்த்தனா கத்தவில்லை. "ஏன் ஆயா?" என்றாள், அவ்வளவுதான். பிறகு என்னிடம் பேசவே இல்லை. நீங்கள் இருந்திருந்தால் என் வாயைப் பொத்தியிருப்பீர்களா? இல்லை, என்னை முந்திக்கொண்டு நீங்களே கத்தியிருப்பீர்களா?

நேற்று, கூட வேலை செய்யும் பெண் ஒருத்தி அந்தப் பழைய திரையின் பின்பக்கத்தைப் போட்டோ எடுத்து அனுப்பினாள். அதிலிருந்த பெயரை லேப்டாப்பில் ஒரு பட்டியலில் தேடிப் பிடித்தாள் கீர்த்தனா. கட்டம் நேராக வந்தது. அம்பு சொன்ன பேச்சைக் கேட்டது. மூன்று நாள் வேலையையும் ஒரே நாளில் முடித்து அனுப்பிவிட்டாள். இந்தப் பெருமையை நான் யாரிடம் சொல்ல? அவளிடமே சொல்ல முடியவில்லையே.

இன்று வெள்ளிக்கிழமை. ஆபீசர் கூப்பிடவில்லை. திரை சரியாகிவிட்டது, நான் சொன்னதை எந்தப் பட்டியலில் தேடிச் சரிசெய்வது?

அவர் கூப்பிட்டால் மன்னிப்புக் கேட்கிறேன், சம்பந்தியம்மா. உங்களிடம்கூட ஒரு நாளும் கேட்டதில்லை நான். அவரிடம் கேட்கிறேன். அதற்கு முன்னால், பேனாவை வைத்ததும், உள்ளே போய்க் கீர்த்தனாவிடம் கேட்கிறேன்.

இப்படிக்கு,
ஒரே பேத்திக்கு உங்களோடு மல்லுக்கு நின்றவள்,
உங்கள் சம்பந்தி கன்னியம்மா